தீர்ப்புக்குத் தலைவணங்கிய திருநாடு

பிரிவோம் என்று 3,68,208 வாக்குகள். பிரிய வேண்டாம் என்று 184 வாக்குகள்! கட்டுக்கதைக் கணக்கல்ல, தோழர்களே! 1905 ஆகஸ்ட் 13 அன்று, ஸ்வீடனோடு இருந்த இணைப்பு இனி வேண்டாம் என்று நார்வே மக்கள் தந்த தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பெற்றவர், பெற்றதோடு நில்லாமல் நிறைவேற்றியும் காட்டியவர், கிறிஸ்டியன் மிக்கெல்சன்.

யார் இந்த மிக்கெல்சன்? 1857-ல் பெர்கன் துறைமுக நகரிலே பிறந்தவர். வழக்கறிஞர், பிறகு கப்பல் முதலாளி. பாட்டாளித் தோழர் என்று அவருக்கு நாம் பட்டம் சூட்டப் போவதில்லை. கடைசிக் காலத்திலே, தொழிலாளர் இயக்கத்தை எதிர்த்த அணிக்குத் துணை நின்றவர்தான். ஆனாலும் அவர் வாழ்விலே 1905 என்று ஓர் ஆண்டு இருக்கிறதே, அது மக்களாட்சியை நம்புவோர் அனைவரும் படிக்க வேண்டிய பாடம்.

நெப்போலியன் போர்களின் முடிவிலே, 1814-ல், டென்மார்க் மன்னர் கையிலிருந்து ஸ்வீடன் மன்னர் கைக்கு மாற்றப்பட்ட நாடு நார்வே. தனி அரசியல் சட்டம் உண்டு. ஸ்டோர்டிங் என்ற தனிப் பார்லிமெண்டும் உண்டு. ஆனால் மன்னர் ஒருவரே. வெளிநாட்டு விவகாரமோ ஸ்டாக்ஹோமிலே! நார்வேயின் கப்பல்கள் உலகத் துறைமுகங்களிலெல்லாம் நங்கூரம் பாய்ச்சின. அங்கே தன் மாலுமிகளின் குறை கேட்க நார்வேக்கென்று ஒரு கான்சல் இல்லை!

1905 மார்ச்சில் மிக்கெல்சன் பிரதமரானார். தனி கான்சல் சட்டம் ஸ்டோர்டிங்கில் நிறைவேறிற்று. மே 27-ல் மன்னர் ஆஸ்கார் ஒப்பம் தர மறுத்தார். அமைச்சர்கள் ராஜினாமாவை நீட்டினர். வேறு அமைச்சரவை அமைக்க இயலாது என்று கூறி அதையும் ஏற்க மறுத்தார் மன்னர். பிடித்துக்கொண்டார் மிக்கெல்சன்! அமைச்சரவை அமைக்க முடியாத மன்னர், மன்னராக இயங்கவில்லை. மன்னர் இயங்காதபோது அவர் பெயரால் நின்ற இணைப்பும் இல்லை. ஜூன் 7-ல் ஸ்டோர்டிங் ஒருமனதாக அவ்வாறே தீர்மானித்தது.

ஸ்வீடன் ஏற்கவில்லை. இது தலைவர்களின் தீர்மானமா, மக்களின் விருப்பமா என்று ஐயம் கிளப்பிற்று. மக்களைக் கேட்ட பிறகே பேச்சு என்ற நிபந்தனை வந்து சேருமுன்பே, வாக்கெடுப்பை அறிவித்துவிட்டார் மிக்கெல்சன். அன்று ஆண்களுக்கு மட்டுமே அந்த உரிமை. பெண்கள் வாளாவிருக்கவில்லை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டித் தந்தார்கள். முழு வாக்குரிமை அவர்களுக்குக் கிடைத்தது 1913-ல்.

தீர்ப்பு கிடைத்தது, அதை மதிப்பதா, மிதிப்பதா? இரு நாட்டு எல்லையிலும் பட்டாளம் குவிந்தது. போர் வெறியர் முழங்கினர். ஆனால் ஸ்வீடன் நாட்டுத் தொழிலாளர் இயக்கம், நார்வேயின் பாட்டாளிமீது துப்பாக்கி தூக்க மறுத்தது. போரை எதிர்த்து அறிக்கை எழுதியதற்காகச் சிறை சென்றார் ஹோக்லுண்ட் என்ற இளம் சோஷலிஸ்ட்.

ஆகஸ்ட் 31 முதல் கார்ல்ஸ்டாட் நகரிலே பேச்சு நடந்தது. எல்லைக் கோட்டைகளை இடிக்க வேண்டும் என்றது ஸ்வீடன். அவமானம் என்று நார்வேயிலே கூச்சல்! மிக்கெல்சன் இணங்கினார், இரு புறமும் படையில்லாப் பகுதி என்ற ஏற்பாட்டோடு செப்டம்பர் 23-ல் உடன்பாடு கண்டார். மக்கள் இணைப்பை நீக்கச் சொன்னார்கள். தம் மக்களின் மார்பிலே குண்டு பாயச் சொல்லவில்லை. அதை உணர்ந்தவர் அவர். அக்டோபர் 26-ல் ஆஸ்கார் நார்வேயின் முடியைத் துறந்தார்.

குடியரசா, முடியரசா என்ற கேள்வி எழுந்தபோது மிக்கெல்சன் முடியரசின் பக்கம் நின்றார். அதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும், மக்களைக் கேட்டால்தான் வருவேன் என்று டென்மார்க் இளவரசர் கார்ல் கூற, நவம்பரிலே மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. முடியரசுக்கு 2,59,563, எதிராக 69,264. தோற்ற குடியரசுவாதிகள் தீர்ப்பை ஏற்றார்கள்.

1907-ல் பதவி துறந்த மிக்கெல்சன், 1925-ல் மறைந்தார். சேர்த்த செல்வத்தை அறிவியல் ஆராய்ச்சிக்கென எழுதி வைத்தார்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 2016 ஜூனில் பிரிட்டன் மக்கள் வாக்களித்தனர். விலகியது 2020 ஜனவரி 31-ல். இடைப்பட்ட காலமெல்லாம் தீர்ப்பை மதிப்பது எப்படி என்ற விவாதம்! நார்வேக்கு மூன்றே மாதம் போதுமானதாயிருந்தது. அங்கே தீர்ப்பு ஒருமித்தது. இங்கே நாடு ஏறக்குறைய இரு கூறாக நின்றது. ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை நாம் மறைக்கக்கூடாது.

மக்களைக் கேட்பவர், விடை கசந்தாலும் விழுங்க வேண்டும். விடை இனித்தவரோ, வெற்றி வெறியிலே விட்டுக்கொடுக்க வேண்டியதை மறக்கக்கூடாது. கப்பல் முதலாளி மிக்கெல்சனிடம் நாம் கற்கும் பாடம் இதுவே, தோழர்களே!