ஆங்கிலக் கட்டுரைத் தாளும் இராமானுஜனும்

நம் சங்க மலருக்கு விஞ்ஞான சம்பந்தமாக ஏதேனும் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, அதற்கு நான் தகுந்தவன்தானா என்று தயங்கினேன். காரணம் உண்டு. சென்ற பருவத் தேர்வில் பௌதிகத் தாள்கள் யாவற்றிலும் தேறிய நான், பட்டத்திற்குக் கட்டாயமென்று வைத்திருக்கும் ஆங்கில எழுத்துத் திறன் தாளில் தவறிவிட்டேன். அதை மறுபடியும் எழுதித் தேறினாலன்றி எம்.எஸ்ஸி. பட்டம் கைக்கு வராது. தமிழ் வழியில் படித்துவிட்டு இத்தனை தூரம் வந்து சேர்ந்தவன் நான். இந்தத் தாளில் அகப்பட்டுக் கொண்டது நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பது நம் விடுதி நண்பர்களுக்குத் தெரியும். அன்று மாலை ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அனைவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். கணித மேதை இராமானுஜனே ஆங்கிலத்தில் தவறியவர்தாமே, உனக்கென்ன குறை என்றார்கள்.

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆயினும் நூலகத்தில் அவர் வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தபோது, நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்குக் கதை எளிதாக இல்லை. படித்ததை எழுதுகிறேன்.

இராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ஆம் நாள். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் துணிக்கடைக் கணக்கர்; மாதச் சம்பளம் இருபது ரூபாய் அளவுதான். தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடிச் சிறிது சம்பாதிப்பார். 1897-இல் பிள்ளை எழுதிய ஆரம்பப் பள்ளித் தேர்வில் நான்கு பாடங்கள்: ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு. அதில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், மொழியே வராத பிள்ளை என்று அவரைப் பற்றி நாம் எண்ணிக்கொள்வது சரியன்று என்பதுதான். 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தபோது கிடைத்த சுப்பிரமணியம் உபகாரச் சம்பளமும், கணிதத்தோடு ஆங்கிலத்திலும் தேர்ச்சி உள்ளவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதேயாகும்!

பிறகு என்ன நேர்ந்தது? 1903-இல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் சூத்திரங்கள் வரிசையாக நிற்கும். நிரூபணம் என்று பார்த்தால் ஓரிரு வரிக் குறிப்புக்கு மேல் இராது. தேர்வுக்குப் படிப்போர்க்காக எழுதப்பட்ட அந்தப் புத்தகம் இவரைத் தேர்வையே மறக்கச் செய்துவிட்டது. வகுப்பில் சரித்திரப் பாடம் நடக்கும்போது இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஆண்டு முடிவில் ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். மேல் வகுப்புக்கு மாற்றம் கிடைக்கவில்லை. உபகாரச் சம்பளமும் போயிற்று. ஒரு பருவத்துக்குக் கல்லூரிச் சம்பளம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாத ஊதியம் அது. தாயார் கல்லூரித் தலைவரை நேரில் கண்டு மன்றாடியும் பயனில்லை. அந்தக் கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அக்காலத்தில் பெருமையாக அழைப்பார்களாம். 1905 ஆகஸ்டில் பையன் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பதினேழு வயது.

அடுத்த ஆண்டு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கே வயிற்றுக்கடுப்பு வந்து மூன்று மாதம் ஊரிலே கிடந்தார். கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய சரித்திரம், உடலியல் எல்லாவற்றிலும் தேறினால்தான் எஃப்.ஏ. தேர்ச்சி, ஒன்றில் தவறினாலும் மொத்தமும் தவறியதே. 1906 டிசம்பரில் எழுதினார், தவறினார். 1907-இல் தனியாக எழுதினார், மறுபடியும் தவறினார். ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உடலியலில் நூற்றுக்குப் பத்துக்கூட அவர் வாங்கவில்லை. அந்தப் பாடத்துக்கு எங்கள் வகுப்பில் யாரும் அனுதாபப்பட்டதாகத் தெரியவில்லை!

அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றித்தான் ஹார்டி பிற்காலத்தில் மிகவும் வருந்தினார். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ள காலமே ஒரு கணிதனின் வாழ்வில் விலைமதிப்பற்றது என்றும், இராமானுஜனுக்கு அது வீணாகிப் போனதற்கு வளைந்து கொடுக்காத கல்வி முறையே காரணம் என்றும் அவர் கருதினார். எனக்கு இப்போது இருபத்து மூன்று. அந்த வயதில் இராமானுஜன் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கலியாணம் 1909-இலேயே ஆகிவிட்டது. 1910-இல், இந்தியக் கணித சங்கத்தை நிறுவிய இராமஸ்வாமி அய்யரைத் திருக்கோவிலூரில் போய்ப் பார்த்து ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இப்படிப்பட்டவனைத் தாலுக்கா ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று எண்ணி, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அந்த வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகமும், மாதம் 25 ரூபாய் உதவியும் கிடைத்தன.

இனி வருவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பகுதி. 1911-இல் கணித சங்கத்தின் சஞ்சிகையில் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் நீண்ட கட்டுரை வெளிவந்தது. எளிதில் வெளிவந்ததன்று. சஞ்சிகையின் ஆசிரியர் பெங்களூர் நாராயண அய்யங்கார் கட்டுரையைப் படித்துப் பார்த்தார்; முறைகள் புதியவை, ஆனால் நடை சுருக்கமாய், தெளிவற்றுக் கிடந்தது. சாதாரணக் கணித வாசகன் பின்தொடர முடியாது என்று கண்டார். தள்ளிவிடவில்லை. குறித்துத் திருப்பி அனுப்பினார்; இவர் திருத்தி அனுப்பினார்; மறுபடியும் போயிற்று, வந்தது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யர் தாமும் கணிதம் பயின்றவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்களாம். இராமானுஜன் இரண்டே படிகளில் விடையை எட்டிவிடுவார். எனக்கே விளங்கவில்லை, பிறருக்கு எப்படி விளங்கும். என் நிலைக்கு இறங்கி வந்து பத்துப் படியாக எழுது என்று நாராயண அய்யர் வற்புறுத்துவாராம். கல்லூரியில் அவரைத் தவற வைத்த கட்டுரைத் தாளும் எழுத்தைத்தான் சோதித்தது. சோதித்தது, கற்றுக் கொடுக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்த எழுத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள், முறையாக அவருக்கு ஆசிரியர்களாகவே இல்லாத இவ்விருவரும்தாம்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் ஹார்டிக்குப் போன புகழ்பெற்ற கடிதத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் எல்லோரும் அறிந்தது. பல்கலைக் கழகப் படிப்பு தமக்கு இல்லை என்று அதில் அவரே ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. எம்.ஏ. படித்தவர்களுக்கே உரிய அந்த உதவியை எஃப்.ஏ. தவறியவருக்குக் கொடுக்கலாமா என்று ஆட்சிக் குழுவில் கேள்வி எழுந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதே பல்கலைக் கழகத்தின் நோக்கம் என்று சட்டத்தின் முகவுரை சொல்கிறதே என்று அதற்கு விடை கண்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். மூன்று அறிக்கைகள் எழுதித் தந்துவிட்டு, 1914 மார்ச் 17-இல் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகச் சேர முன்பே ஒரு பட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. அதை அவருக்காகத் தளர்த்தினார்கள். நிரூபணம் என்பது என்ன என்று இவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த ஹார்டிக்கு ஒரு பயமும் இருந்தது: அதிகமாகத் திருத்தப் போய் அந்த ஊற்றே வற்றிவிட்டால்? ஆகவே பாதி கற்பித்தார், பாதி விட்டுவிட்டார். தாமும் அவரிடம் கற்றுக்கொண்டதே அதிகம் என்றும் எழுதினார். 1916 மார்ச்சில் இராமானுஜன் பி.ஏ. ஆனார். தேர்வு எழுதியல்ல, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி. பொருள் எளிமையானது. 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என்ற ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12-க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தமக்குக் கீழ்ப்பட்ட எல்லாவற்றையும் வகுத்திகளில் விஞ்சி நிற்கும் எண்கள் எவ்வாறு அமைகின்றன என்பதே கேள்வி. அதை அறுபது பக்கங்களுக்கு மேல், படிப்படியாக, ஆங்கிலத்தில் எழுதினார். கும்பகோணத்தில் கட்டுரைத் தாளில் தவறியவரே அவர்.

1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், திரினிட்டிக் கல்லூரி ஃபெல்லோ. 1919-இல் நோயோடு தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. நிரூபணம் எழுதாமல் நோட்டுகளில் விட்டுச் சென்ற முடிவுகளுக்கு நிரூபணம் காண்பது தலைமுறைகளின் வேலையாயிற்று. புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் மட்டுமே 1985 முதல் 1998 வரை நீண்டன. 1976-இல் திரினிட்டி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த இறுதி நாளைய ஏடுகள் தனி.

நண்பர்களே, படித்து முடித்தபின் என் மேசை மேல் கிடந்த ஆய்வு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். என் பேராசிரியர் இரண்டு வாரத்துக்கு முன் திருப்பிக் கொடுத்தது. மூன்றாம் சமன்பாட்டுக்கும் நான்காம் சமன்பாட்டுக்கும் இடையே சிவப்பு மையில் ஒரு பெரிய கேள்விக்குறி. அது அற்ப விஷயம் என்று கோபத்தோடு ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த இடத்தில் இப்போது ஏழு வரிகள் சேர்ந்திருக்கின்றன. எழுதும்போது ஒரு குறி தவறாகப் போட்டிருந்ததும் தெரிய வந்தது. கட்டுரைத் தாளை அடுத்த மாதம் 12-ஆம் தேதி மறுபடியும் எழுதுகிறேன். அதற்குப் படிக்க வேண்டுமென்று சொல்லித்தான் இந்த மலர் வேலையைத் தட்டிக்கழிக்கப் பார்த்தேன்.