டிக்கன்ஸ் நடந்த தெருக்கள்

இலண்டன் மாநகரை நான் கண்டவனல்லேன். எனினும், அந்நகரின் படம் ஒன்று பல ஆண்டுகளாக என் மேசைமேற் கிடக்கின்றது. ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் நடந்த வழிகளை, அவருடைய கட்டுரைகளைப் படிக்குந்தோறும், பென்சிலாற் கோடிட்டு வந்தேன். இன்று அப்படத்தில் தெருக்களைக் காட்டிலும் என் கோடுகளே மிகுதி. அக்கோடுகளின் நடுவே ஓரிடம் மாத்திரம் நெடுங்காலம் வெறுமையாயிருந்தது. ஸ்ட்ராண்ட் வீதிக்குத் தெற்கே, தேம்ஸ் நதியோரத்தில், ஹங்கர்போட் படித்துறை இருந்த இடம் அது. நகரின் சுவரெல்லாம் தொட்டுப் பார்த்த ஒருவர் அந்த இடத்தை ஏன் ஒதுக்கினார்? அவருடைய இளமை வரலாற்றை அறிந்த பின்னரே எனக்கு அது விளங்கிற்று.

டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பெப்ருவரி 7ஆந் திகதி போட்ஸ்மத் நகரிற் பிறந்தவர். தந்தையார் கடற்படைச் சம்பளக் கந்தோரில் எழுதுவினைஞர். நல்லவர், ஆயின் வரவறிந்து செலவு செய்யத் தெரியாதவர். 1822இற் குடும்பம் இலண்டனிற் குடியேறியது. ஈராண்டுக்குள் கடன் கழுத்தளவாயிற்று. 1824 பெப்ருவரியில், பன்னிரண்டு வயது நிரம்பி இரண்டே நாளான சிறுவன், ஹங்கர்போட் படித்துறையில் இருந்த சப்பாத்து மைச் சாலையொன்றில் வேலைக்கு அமர்த்தப்பட்டான். அதே மாதத்தில் தந்தையார் கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்சீ மறியற்சாலைக்குச் சென்றார். ஆற்றங்கரையிலே சரிந்து நின்ற பழங்கட்டடம்; உளுத்த பலகைகள்; நிலவறையில் எலிகளின் கீச்சொலி. மைச் சாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, அதன்மேல் நீலத் தாளிட்டு, நூலாற் கட்டி, பெயர்த்தாள் ஒட்டுவது தொழில். கூலி வாரம் ஆறு சிலிங்.

கம்டன் ரவுணிலிருந்து அவ்விடத்துக்கு மூன்று மைல் தூரமிருக்கும். அவ்வழியைச் சிறுவன் தனியே நடந்தான். அவனுடைய நகர நடை தொடங்கியது இப்படித்தான், பொழுதுபோக்காக அன்று. வேலைக்கிடையில் ஓய்வு கிடைத்தால் அடெல்பி மாளிகைகளின் கீழே நதியை நோக்கி ஓடும் இருண்ட வளைவுகளுக்குள் நுழைந்து அலைவான். கையிற் காசில்லாத நாளில் கொவென்ற் காடின் சந்தைக்குச் சென்று அன்னாசிப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நம் நாட்டில் அன்னாசி பெரிய காரியமன்று. அக்காலத்து இலண்டனிலோ அது செல்வர் வீட்டுப் பழம். காசு இருந்தால் சென் மாட்டின் தேவாலயத்துக்கு அருகே ஒரு கோப்பிக் கடையில் உட்காருவான். அக்கடையின் கதவிலே பெயர் தீட்டிய முட்டைவடிவக் கண்ணாடியொன்று உண்டு. தெருவில் நிற்பவருக்காக எழுதிய எழுத்துக்கள் உள்ளிருந்து பார்ப்பவனுக்குத் தலைகீழ் வரிசையில் தோன்றும். பிற்காலத்தில் எக்கோப்பிக் கடையிலே அவ்வாறு எழுத்து மாறித் தோன்றினும் தம் குருதி ஒருகணம் அதிர்ந்தது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். வகுப்பிலே சாளரத்துக்கு வெளியே பார்க்கும் மாணவனை நான் பலமுறை கடிந்ததுண்டு. இதைப் படித்தபின் கொஞ்சம் தயங்கித்தான் கடிகிறேன்.

சில மாதங்களின் பின் தந்தையார் விடுதலையானார். பின்னர் மைச்சாலை உறவினரோடு பிணங்கி மகனை நிறுத்திவிட்டார். தாயாரோ சமாதானம் பேசி மீண்டும் அவ்வேலைக்கே அனுப்ப முயன்றார். தந்தை இசையாது பள்ளிக்கு அனுப்பினார். தாயின் அம்முயற்சியை மகன் இறுதிவரை மறந்தாரில்லை. அவ்வம்மையாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உலை வைக்கும் கவலை அவருடையது.

பின்வந்த புகழை எல்லாரும் அறிவர். சுருக்கெழுத்துப் பயின்று பத்திரிகை நிருபரானார், 1836இல், இருபத்து நான்காம் வயதில், இலண்டன் தெருக்களைப் பற்றிய சித்திரங்கள் நூலாக வந்தன, பிறகு நாவல்கள். புகழ் வந்தும் நடை நிற்கவில்லை. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல், மணிக்கு நாலு மைல் வேகத்தில். 1843இற் கிறிஸ்மஸ் கதையை எழுதும் நாளிலே பல இரவுகள் பதினைந்து இருபது மைல் நடந்து அதனை மனத்துள் உருவாக்கினார். 1846இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில், ஏரியும் மலையும் சூழ இருந்தும், இரவில் நடக்கக் கூட்டம் நிறைந்த தெருக்கள் இல்லையே என்று ஏங்கினார், எழுத்து ஓடவில்லை. 1857 ஒக்டோபரில் ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்குப் படுக்கையை விட்டெழுந்து, கென்ற் நாட்டுப்புறத்திலிருந்த தம் வீட்டை நோக்கி முப்பது மைல் நடந்தார். மனைவியோடு மனம் முறிந்திருந்த காலம் அது.

அவர் இயற்கையை வெறுத்தவரென்று இதனாற் கொள்ளலாகாது. நகருக்குள் அகப்பட்ட இயற்கையே அவருக்கு இயற்கை. இலண்டனின் வணிகப் பகுதியிலே, கந்தோர்களுக்கிடையில் மறக்கப்பட்ட பழைய தேவாலயங்களும் அவற்றின் சிறு புதைநிலங்களும் உண்டு. விடுமுறை நாள்களில் அவற்றைத் தேடித் தேடிச் செல்வார். வாயிலில் மண்டையோடுகள் செதுக்கிய ஒரு புதைநிலத்தை இடிமின்னலிற் காணவேண்டும் என்று நள்ளிரவிலே வண்டி பிடித்துச் சென்றதும் உண்டு. அப்படியொரு புதைநிலத்தில் அவர் கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். கிரேஸ்சேர்ச் வீதிக்கும் கோபுரக் கோட்டைக்கும் இடையில், துருப்பிடித்துப் பூட்டிக் கிடந்த வாயிற் கம்பிகளுக்கு அப்பால், மிக முதிய கிழவரும் கிழவியும் கல்லறைகளின் நடுவே வைக்கோலுக்காகப் புல்லை வாரிக்கொண்டிருந்தனர். வாரியிற் பற்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. நிலம் முழுவதையும் வாரினாலும் ஒரு மடிப் புல்லே தேறும். திறந்த சாளரம் ஒன்றும் அவ்விடத்தை நோக்கவில்லை. அவர்கள் எப்படி உள்ளே வந்தனர் என்பதும் தெரியவில்லை. கம்பிக்கு வெளியே நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

1860இல் அவர் எழுதிய இரவுநடைக் கட்டுரைதான் என் படத்திற் பெரும்பகுதியைக் கோடாக்கியது. மதுரைக்காஞ்சியை யாமம் யாமமாகக் கற்பித்த எனக்கு, ஒரு நகரத்து இரவை மணிக்கணக்காகத் தொடரும் அக்கட்டுரை அந்நியமாகத் தோன்றவில்லை. துயில் வராத மார்ச்சு மாதத்து இரவுகள் சிலவற்றின் கதை அது. 1851 மார்ச்சு இறுதியில் தந்தையார் மறைந்த துயரமே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அரை மணி கழிந்த நள்ளிரவில் மதுக்கடை விளக்குகள் அணைகின்றன. வாட்டலூப் பாலத்தில், சுங்கக்காரனோடு ஒரு வார்த்தை பேசுவதற்காகவே அரைப்பெனி கொடுத்துச் செல்கிறார். நியூகேற் சிறையின் கரடுமுரடான கல்லைக் கையாற் தொட்டு, உள்ளே உறங்குவோரை நினைக்கிறார். பெத்லெம் பித்தர்சாலையைக் கண்டதும், கனவு காணும் நேரத்தில் நாமும் அவர்களும் ஒன்றல்லவா என்று எண்ணுகிறார். பெரிய மணி மூன்றடிக்க, சென் மாட்டின் தேவாலயப் படிகளை அடைகிறார். காலடியிலிருந்து ஓர் உருவம் எழுகிறது. வீடற்ற இளைஞன், குளிரில் நடுங்குகிறான். பணம் கொடுக்க எண்ணி அவன் தோளிற் கைவைக்கிறார். அவன் அஞ்சித் திமிறி ஆடையை விட்டு ஓடிவிடுகிறான். இவர் கையிற் கந்தல் மாத்திரம் எஞ்சுகின்றது.

அந்தக் கோப்பிக் கடை இதே தேவாலயத்தின் அருகேதான் இருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதற்கும் தெற்கே சிறிது தூரத்தில் ஹங்கர்போட். பழைய சந்தை இடிக்கப்பட்டு, படித்துறை அழிந்து, நிலத்தின் தோற்றமே மாறும்வரை அங்கே காலெடுத்து வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அங்கே புதிய சந்தை 1833இல் எழுந்தது. அதுவும் போய் 1864இல் சாரிங் குறொஸ் புகையிரத நிலையம் வந்தது. ஸ்ட்ராண்டிலே வேறொரு மைச்சாலையின் தக்கை அரக்கு மணம் வந்தால், பல ஆண்டுகள் வீதியின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தார். மறியற்சாலைப் பக்கமாக வீடு திரும்பும் பழைய வழி, தம் மூத்த மகன் பேசக் கற்ற பின்னரும், அவரை அழவைத்தது. அம்மறியலையே களமாக்கி 1855 முதல் ஒரு பெருங்கதை எழுதினார். ஆயினும் 1842இல் மூடப்பட்ட அக்கட்டடத்தில் எஞ்சியதைப் பார்க்கச் சென்றது கதை முடியும் தறுவாயில், 1857 மே 6ஆந் திகதிதான். பெரிய குழந்தையொன்றைச் சுமந்து நின்ற மிகச் சிறிய பையன் ஒருவன் அவ்விடத்து வரலாற்றை அவருக்கே விளக்கினான். அவரும் கேட்டுக்கொண்டார்.

மனைவியும் நண்பர் யோன் போஸ்ரரும் அன்றி, மைச்சாலைக் கதையை எவரும் அறியார், பிள்ளைகளும் அறியார். 1869 கிறிஸ்மஸ், அவருடைய இறுதிக் கிறிஸ்மஸ். குடும்பத்தார் கூடி ஒரு நினைவு விளையாட்டு ஆடினர். முன்னவர் சொன்ன பெயர்களையெல்லாம் ஒப்பித்து ஒவ்வொருவரும் ஒரு பெயர் சேர்க்க வேண்டும். தம் முறை வந்ததும் அவர் அந்த மைச்சாலையின் பெயரையும் இலக்கத்தையும் சொன்னார். கண்ணிலே ஒரு விந்தை ஒளியும் குரலிலே ஒரு மாற்றமும் தோன்றின என்று அங்கிருந்த மகன் ஒருவர் பின்னாளில் எழுதினார். எவருக்கும் பொருள் விளங்கவில்லை. அடுத்தவர் அதையும் சேர்த்து ஒப்பித்தார், ஆட்டம் தொடர்ந்தது. 1870 யூன் 9ஆந் திகதி டிக்கன்ஸ் காலமானார். போஸ்ரர் எழுதிய வரலாறு அதன் பின்னரே வெளிவந்தது.