சிலாங்கூர் வலையைக் காத்த ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம்

மலேசியக் கிண்ணப் போட்டி நெருங்கிவிட்டால், அந்தக் காலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டங்களில் பால் நிறுக்கும் இடத்திலேயே ஆரூடம் தொடங்கிவிடும். இம்முறை சிலாங்கூரா, சிங்கப்பூரா? எத்தனை கோல்? மொக்தார் டஹாரி அடிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதிரணி அடிக்குமா என்ற கேள்வி வரும்போதுதான் ஆறுமுகத்தின் பெயர் வரும். கோல் கம்பங்களுக்கு நடுவே நம்மவர் ஒருவர் நிற்கிறார் என்ற பெருமையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ரெங்கசாமி ஆறுமுகம் 1953 ஜனவரி 31-இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்றவர். கைகள் நீளமானவை. இனி கோல்தான் என்று அரங்கம் எழுந்து நிற்கும் நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கை நீண்டு பந்தைத் தட்டிவிடும். அதனால்தான் ‘ஸ்பைடர்மேன்’ என்ற பட்டப்பெயர். நாட்டுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார்.

ஆரூடம் சொல்பவர்களுக்கு அது வேட்டைக் காலம். 1975, 1976, 1978, 1979, 1980, 1981 ஆகிய ஆறு ஆண்டுகளிலும் இறுதியாட்டத்தில் மோதியவை சிலாங்கூரும் சிங்கப்பூரும்தான். சிலாங்கூர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் ஐந்து முறை ஜெயித்தார்கள். 1980-இல் மட்டும் சிங்கப்பூர் 2-1 என வென்று அவர்களின் வாயை அடைத்தது. மறு ஆண்டே சிலாங்கூர் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது.

அதே 1980-இல்தான் இன்னொரு கணக்கும் பொய்த்தது. மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை மலேசியா 2-1 என வீழ்த்தியது. வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். மொக்தார், சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என்று மலாய், சீன, பஞ்சாபி, தமிழ்ப் பெயர்கள் ஒன்றாக ஒலித்த தலைமுறை அது. ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த இடத்தில் ஈராக் போய் ஆடியது. திடலில் வென்ற இடத்தைத் திடலுக்கு வெளியே இழந்தார்கள். ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. அந்த வாய்ப்பு மறுபடி வரவேயில்லை.

1988 டிசம்பர் 18-இல் கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்த மொக்தாரும் 1991-இல் நோயால் காலமானார். சிலாங்கூரின் முன்னும் பின்னுமாக நின்ற இருவருமே நாற்பதைத் தொடவில்லை.

நாட்டின் தலைசிறந்த கோல் காவலர் யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஈப்போவின் சாவ் சீ கியோங் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பெயர் வாங்கியவர். அவரை முதலில் வைப்பவர்களிடம் நியாயம் உண்டு. ஆனால் அவர் ஹாங்காங் போய் ஆடினார். ஆறுமுகமோ வருடா வருடம் நம் கண்ணெதிரே, நம் மாநிலத்துக்காக நின்றவர். வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் தயங்காமல் ஆறுமுகம் என்பார்கள். பாசம் கலந்த தீர்ப்புதான்.

2016-இல் வந்த ‘ஓலா போலா’ படம் அந்த 1980 அணியை அடியொற்றி எடுக்கப்பட்டது. அதில் முத்து என்ற தமிழ் கோல் காவலரைப் பார்த்ததுமே பெரியவர்களுக்கு அது யாரென்று புரிந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.