போகாத ஊருக்கு வழி சொன்னவர்

கற்பிட்டியிற் பிறந்தவனுக்குக் கடல் புதுமையன்று. ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளக் களப்பு, நடுவே ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிவைத்த கோட்டை. இவற்றிடையே வளர்ந்த எனக்கு, கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்க, தப்பிப் பிழைத்த ஒருவன் கரையொதுங்கினான் என்று ஒரு படக்கதை தொடங்கினால், அக்கரை எங்கள் கரையாகவே தோன்றியதில் வியப்பென்ன? கதைக்கணக்கில் அது நிகழ்ந்தது 1536இல். இலங்கைக் கரையில் போர்த்துக்கேயர் கப்பல்கள் திரிந்த காலமும் அதுவே. ஆதலால், வேதாளர் என்றும் மாயாவி என்றும் தமிழ்ச் சிறுவர் அறிந்த அந்த முகமூடி வீரனைப் படைத்தவர், எங்கள் கடலைக் கண்ணாரக் கண்டுதான் எழுதியிருப்பார் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அவர் பெயர் லீ ஃபாக். 1911 ஏப்ரல் 28ஆம் நாள் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரிற் பிறந்தவர். அவ்வூருக்குக் கடல் இல்லை. மிசிசிப்பி ஆறுதான் உண்டு. மாணவராய் இருந்தபோதே மந்திரவாதி மாண்ட்ரேக்கைக் கற்பனை செய்து, முதல் இரண்டு வாரங்களுக்கான படங்களைத் தாமே வரைந்துகொண்டு நியூயோர்க்குக்குப் புறப்பட்டார். 1934 ஜூன் 11இல் மாண்ட்ரேக் பத்திரிகைகளில் வெளிவரத் தொடங்கினான். சித்திரந் தீட்டும் பொறுப்பைப் பில் டேவிஸ் ஏற்றார். 1936 பெப்ரவரி 17இல் ரே மூரின் தூரிகையில் முகமூடி வீரன் பிறந்தான்.

உலகெங்குஞ் சுற்றும் மந்திரவாதியின் கதையை எழுதுபவர் உலகஞ் சுற்றியவராக இருக்க வேண்டாமா? ஃபாக் தம்மை அப்படியே சொல்லிக்கொண்டார். உண்மையில், அதுவரை அவர் மேற்கொண்ட நெடும்பயணம் தம் கதையை விற்க நியூயோர்க் சென்றதுதான்! பொய் வெளிப்பட்டுவிடுமோ என்ற கூச்சத்தினாலோ என்னவோ, பின்னர் மெய்யாகவே பல நாடுகளைச் சுற்றிவந்தார்.

அவர் படைத்த கானகத்துக்கும் நிலையான இடமில்லை. தொடக்கத்தில் அது கீழ்த்திசைக் கடலோரம், புலிகள் உலவின. பிறகு மெல்ல ஆபிரிக்காவுக்குப் பெயர்ந்தது. 1964இல் இந்தியாவில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது, பெங்காலி என்ற அந்நாட்டின் பெயர் வங்காளத்தோடு மயங்குமென்று டென்காலி ஆக்கினர். மண்டையோட்டு அரியணையில் ஒரு வெள்ளையன் வீற்றிருக்க, கானகத்து மக்கள் கைகட்டி நிற்பதை இன்று காணும்போது, அந்நியராட்சிக் கோட்டையின் நிழலில் வளர்ந்த எனக்கு உள்ளம் கூசத்தான் செய்கிறது. பிற்காலத்தில் அந்நாட்டுக்கு லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவரைக் குடியரசுத் தலைவராக்கினார் ஃபாக். அவருக்கும் அந்தக் கூச்சம் இருந்ததென்றே கொள்கிறேன். பப்புவா நியூகினி மலைவாழ் மக்கள் தம் போர்க் கேடயங்களில் இவ்வீரனின் உருவத்தைத் தீட்டினர். படைப்பு எவர் கையிற் சேர்ந்து என்னவாகும் என்பதைப் படைத்தவனா அறிவான்?

என் கையில் அது சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினர். அவர்களில் என் வயதுச் சிறுவன் ஒருவன் எங்கள் வகுப்புக்கு வந்தான். என்னிடம் அட்டை கிழிந்த படக்கதைகள் நாலைந்து இருந்தன; ஊரில் அதனாற் பெரிய மதிப்பு. அவன் இரவல் கேட்டான். தன் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்ததாகவும் சொன்னான். நான் நம்பவில்லை, புத்தகத்தையும் கொடுக்கவில்லை. உடுத்த உடையோடு வந்தவனிடம் பெட்டிக்குச் சான்று கேட்ட பெருமை எனக்குண்டு.

அவன் சண்டையிடவில்லை. களப்பு மணலில் ஈர்க்குச்சியாற் கட்டங்கள் கீறி, தான் படித்த கதையொன்றைச் சொல்லத் தொடங்கினான். கட்டத்துக்குக் கட்டம் நிறுத்தினான். ஆபத்தான இடத்தில் எழுந்து போய்விட்டான்! மறுநாள் நானே அவனைத் தேடிப் போனேன். மண்டையோட்டுக் குகை ஒரு பெருக்க மரத்தின் அடியில் இருந்தது என்று அவன் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மன்னார்ப் பள்ளிமுனையின் பெருக்க மரத்தைப்போற் பருத்த மரம் என்று இரு கைகளையும் விரித்துக் காட்டினான். சில மாதங்களில் அவன் குடும்பம் வேறு முகாமுக்குப் போயிற்று. கதை பாதியில் நின்றது.

ஃபாக் நாடகத்துறையிலும் பெரியவர். ஏறக்குறைய 300 நாடகங்களைத் தயாரித்தவர். ஆயினும் 60 ஆண்டுகளுக்கு மேலாக அந்த இரு கதைகளையும் கைவிடவில்லை. நோயுற்று மருத்துவமனையிற் கிடந்த நாட்களிலும், உயிர்வளி முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதை சொன்னாராம். முகமூடியோடு வாழ்ந்தவனைப் படைத்தவர் கதைக்காக முகமூடியைக் கழற்றினார்! 1999 மார்ச் 13இல் நியூயோர்க்கிற் காலமானார். விட்டுப்போன கதையை அவர் மனைவி எலிசபெத் முடித்தார். தந்தை இறந்தால் மகன் முகமூடி அணிவான். ஊரார் ஒருவனே சாகாமலிருக்கிறான் என்பர் என்றல்லவா அவர் எழுதி வைத்தார்?

பல ஆண்டுகளுக்குப் பின், கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தக் கதை எனக்குக் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். மணலில் அவன் கீறிய கட்டங்கள் வரிசை பிசகாமல் இருந்தன. கொள்ளையர் தலைவனின் ஒடிந்த வாள்கூட இருந்தது. அவன் நிறுத்திய இடத்தைக் கடந்து முடிவையும் படித்தேன். பெருக்க மரத்தைத்தான் காணவில்லை. இரண்டாம் முறையும் புரட்டிப் பார்த்துவிட்டு, விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.