ஓலையைப் படித்த கண்கள்

எழுத்தின் வடிவழகைக் காட்டும் கண்காட்சிக்குச் சீமைக்குப் போக வேண்டுமா? செஞ்சிக்கு வந்தால் போதும். திருநாதர்குன்றுப் பாறையிலே ஒரு கல்வெட்டு. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவு அது. ‘ஐ’ என்ற எழுத்து கல்லிலே தலைகாட்டும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று. அங்கிருந்து மேல்சித்தாமூர் சமண மடத்துக்கு வந்தால், ஓலைச்சுவடிகள். உளி செதுக்கிய தமிழை முன்னே கண்டோம். எழுத்தாணி கீறிய தமிழை இங்கே காண்கிறோம்.

அழகுதான். ஆனால் அந்த அழகுக்குள்ளே ஓர் ஆபத்து! எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று புள்ளி வைக்காமல் விட்டனர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் காலும் ஒரே கோடு. விளைவு? கெட்டான் என்பதும் கேட்டான் என்பதும் ஓலையிலே ஒன்றுதான்!

இந்தச் சிக்கலை அவிழ்க்கவே வாழ்நாளைத் தந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதய்யர். 1855-இல் பிறந்தார். வறுமை வாட்டியது, தமிழ்ப்பசி அதைவிட வாட்டியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1880-இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

புராணங்களும் அந்தாதிகளும் கரைகண்ட அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று சேலம் இராமசாமி முதலியார் அதே ஆண்டில் கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

சிந்தாமணி சமண நூல். சைவப் பயிற்சியில் வளர்ந்தவருக்கு அதன் மரபுச் சொற்கள் விளங்கவில்லை. தயங்கினாரா? இல்லை. குடந்தையில் சமணர் வீட்டு வாயிலுக்கே போனார். வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய பெரியவர்களிடம் மாணவரைப் போல ஐயம் கேட்டார். சைவர் சமண நூலை அச்சிடுவதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் செவி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஓலையைப் பார்த்து அப்படியே அச்சுக்கோக்க முடியுமா? முடியாது. முதலில் புள்ளியிட்டு, குறில் நெடில் பிரித்து, தாளில் எழுத வேண்டும். பல பிரதிகளை ஒப்பிட வேண்டும். சீர் தளை பார்த்து, எதுகை பார்த்து, உரையையும் பார்த்து, இதுதான் எழுத்து என்று முடிவு கட்ட வேண்டும். ஓலையிலே நேர்ந்த பிழை ஓர் ஏட்டோடு நிற்கும்; ஈய எழுத்திலே ஏறிய பிழையோ பிரதிதோறும் பரவும்!

1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை! ஊர் ஊராக அலைந்து சுவடி தேடினார். சிதைந்த ஏடுகளைத் தீயிலே இட்டுவிட்டோம் என்ற பதிலையும் கேட்டு நெஞ்சு நொந்தார். 1942-இல் மறையும்வரை அவர் தேடலும் ஓயவில்லை, திருத்தமும் ஓயவில்லை.

இன்று விரல் பட்டால் கணினித் திரையிலே புள்ளி விழுகிறது. எத்தனை எத்தனை எழுத்துருக்கள்! மகிழ்ச்சியே. ஆனால் ஓலையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? இளைஞனே, மேல்சித்தாமூர் போ. சுவடியைக் கண்டு வியந்து திரும்பிவிடாதே; படிக்கக் கற்றுக்கொள். தமிழ்த் தாத்தாவுக்குச் செய்யும் நன்றி அதுதான்.