மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் படித்தவர்

குழந்தைகளே! தேனி மாவட்டத்தில் இருக்கும் போடிநாயக்கனூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏலக்காய்க்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து போடிமெட்டு வழியாக மலையேறினால், பெரிய மரங்களின் நிழலில் ஏலச் செடிகள் செழித்து நிற்பதைப் பார்க்கலாம். மருந்து அடிக்கும் நாட்களில் தோட்டத்துக்குள் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒருவர் விசைத்தெளிப்பானை முதுகில் சுமந்தபடி செடிகளுக்கு நடுவே நடந்து போவார். அந்தச் சத்தம், அவர் முதுகில் இருக்கும் சின்னஞ்சிறு பெட்ரோல் இன்ஜினிலிருந்து வருகிறது.

அந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? சிலிண்டர் என்னும் குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. மேலே போகும்போது, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அது அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியை உண்டாக்குகிறது. உடனே கலவை எரிந்து, விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இந்த மேல்கீழ் ஓட்டத்தை 'கிராங்க் ஷாப்ட்' என்ற வளைந்த தண்டு சுழற்சியாக மாற்றிவிடுகிறது. சுழலும் தண்டில் விசிறியை மாட்டினால் மருந்து தெளிக்கலாம். சக்கரத்தோடு இணைத்தால் வண்டி ஓடும். இதே போன்ற இன்ஜினை எலுமிச்சம்பழ அளவுக்குச் சிறிதாக்கி, முன்னால் ஒரு புரொப்பல்லரைப் பொருத்தினால் மாதிரி விமானம் பறக்கும்!

இந்த வித்தையை எந்தக் கல்லூரியிலும் படிக்காமல், இன்ஜினைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்ட ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் கோவை விஞ்ஞானி ஜி.டி.நாயுடு.

மண் சாலையில் வந்த அதிசயம்

கோயம்புத்தூருக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி. விவசாயக் குடும்பம். துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காயாகக் கசந்தது. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. பையன் எதற்கும் உதவமாட்டான் என்றுதான் ஊரில் நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஒரு வண்டியில் வருவதை அவர் பார்த்தார். சாலைகளில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்த வண்டியையோ மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை. 'ரட்ஜ்' என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் அது. அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து துரைசாமிக்கு ஒரே எண்ணம்தான். அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது? அது எப்படி ஓடுகிறது?

கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டார், தண்ணீர் வைத்தார், கிடைத்த கூலியைச் செலவழிக்காமல் சேர்த்தார். சில ஆண்டுகள் கழித்து, சேர்த்த பணத்தோடு போய் அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார்!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஊரைச் சுற்றி வந்திருப்பீர்கள், இல்லையா? துரைசாமி அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல ஆண்டு உழைப்பு முழுவதும் அந்த வண்டியில்தான் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. திரும்பப் பூட்டத் தெரியாமல் போயிருந்தால் மிஞ்சியிருப்பது பழைய இரும்புதான். ஆனாலும் அவர் துணிந்தார். ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது, எதோடு சேர்கிறது என்று பார்த்தார். பிறகு பூட்டினார். வண்டி ஓடியது! அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருக்குப் பாடப் புத்தகம். அதைப் படித்து முடித்தபோது அவர் ஒரு நல்ல மெக்கானிக் ஆகியிருந்தார்.

ஒரு பஸ், பல பஸ்கள்

இடையில் அவர் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். லாபமும் பார்த்தார்; பம்பாய்க்குப் போய்ப் பெரும் நஷ்டமும் அடைந்தார். வியாபாரம் கைவிட்டாலும் இன்ஜின் அறிவு கைவிடவில்லை. 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே! வழியில் வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

அந்த ஒரு பஸ் பெருகியது. 'யுனைடெட்', 'யுனிவர்சல்' என்றெல்லாம் ஆங்கிலப் பெயர் வைப்பது வழக்கமாக இருந்த நாட்கள். இவருடைய நிறுவனத்தின் பெயர் 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்'. யு.எம்.எஸ். என்று சொன்னால் கோவை வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நேரம் தவறாமல் பஸ் ஓட்டுவதில் அது பெயர் எடுத்தது.

பிறகு அவர் கவனம் சிறிய இயந்திரங்கள் பக்கம் திரும்பியது. உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டாரை வைத்து முகச் சவரக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் 'ரசந்த்'. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு என்று அவர் செய்த பொருட்களின் பட்டியல் நீளமானது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டார் கோவையில் உருவாகக் காரணமாக இருந்தார். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டார் பம்புகள் செய்வதில் கோவை இன்று புகழ் பெற்று நிற்கிறதே, அதற்கு அந்த மோட்டார் ஒரு தொடக்கம்.

பள்ளியை விட்டவர் கல்லூரி தந்தார்

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாயுடு பள்ளியை விட்டாரே தவிர, படிப்பை விடவில்லை. தாமாகவே புத்தகங்கள் வாங்கி வாசித்தார். வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்து வந்தார். கேமராவும் கையுமாகத்தான் போவார். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம் பிடித்தார்.

பிள்ளைகள் கையால் வேலை செய்து கற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகப் பணமும் இயந்திரங்களும் கொடுத்தார். 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றியது. அதுதான் இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது.

எல்லாமே வெற்றியாக அமைந்துவிடவில்லை. 1952-இல் இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. வரிச் சுமையைக் கண்டித்துத் தாம் உருவாக்கிய பொருட்களைத் தாமே பொதுமக்கள் முன் உடைத்தும் காட்டினார். அந்த அளவுக்கு அவர் மனம் புண்பட்டிருந்தது. ஆக்கியதை அழிக்கலாமா என்று பெரியவர்கள் பலர் அவரைக் கண்டித்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு மறைந்தார். அவர் சேர்த்த கருவிகளும் இயந்திரங்களும் கோவை அவினாசி சாலையில் கண்காட்சியாக இருக்கின்றன. 2015-இல் பழைய கார்களுக்கான அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அதே சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

விளக்கெண்ணெய் குடிக்கும் விமானம்

நாயுடு அன்று செய்ததை இன்று உலகம் முழுவதும் சிலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். பழைய மாதிரி விமான இன்ஜின்களைத் தேடிச் சேர்த்து, மீண்டும் ஓட வைக்கிறார்கள். 1930-களில் அமெரிக்காவில் வந்த 'பிரவுன் ஜூனியர்' போன்ற குட்டி இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக் இருந்தது. 1947-இல் ரே ஆர்டன் என்பவர் 'குளோ பிளக்' ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். ஓடத் தொடங்கும்போது மட்டும் பேட்டரி அதைச் சூடாக்கும். பிறகு அது தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

அந்த இன்ஜினுக்கு எரிபொருள் என்ன தெரியுமா? மெத்தனால் என்ற எரிசாராயத்தோடு ஆமணக்கு எண்ணெய்! ஆமாம், பாட்டி வயிற்றுக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான். கடும் சூட்டிலும் அது வழுவழுப்பை இழக்காது. ஆனால் இன்ஜினைப் பல ஆண்டுகள் ஓட்டாமல் போட்டுவிட்டால், அந்த எண்ணெயே காய்ந்து பிசினாகி, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் குறடால் முறுக்கினால் உடைந்துவிடும். தெரிந்தவர்கள் இளஞ்சூடு காட்டி, பிசினை இளக்கி, மெதுவாகத் திருப்புவார்கள். ஐம்பது வருடம் தூங்கிய இன்ஜின்கூட அப்படி எழுந்து ஓடியதுண்டு!

போடியில் விசைத்தெளிப்பானைப் பழுதுபார்ப்பவரும் இதே பொறுமையோடுதான் வேலை செய்கிறார். உங்களுக்கும் விமானத்தில் ஆசை இருந்தால், என்.சி.சி. விமானப் பிரிவைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். அதில் மாதிரி விமானம் செய்யும் பயிற்சி உண்டு. இன்ஜினைப் பெரியவர்கள் துணையில்லாமல் தொட வேண்டாம். மெத்தனால் விஷம், சுழலும் புரொப்பல்லர் விரலைப் பதம் பார்த்துவிடும்.

அதுவரை? வீட்டில் ஓடாத சைக்கிள் மணி ஒன்று கிடக்கும். அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு அதைக் கையில் எடுங்கள். திருகாணியைக் கழற்றும் முன் ஒரு படம் வரையுங்கள். கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே பழைய துணியில் அடுக்குங்கள். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டுங்கள். மணி அடிக்கிறதா? அடிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். படத்தைப் பார்த்து மறுபடியும் பிரியுங்கள்!