பழி துடைத்த திருப்பணி

சிதைந்த ஆலயத்தைப் புதுக்கிக் கலசம் நிறுவுதலை ஜீர்ணோத்தாரணம் என்பர். மாசுற்ற பெயரை மீட்டலும் அத்தகைய திருப்பணியே. அதற்குத் தோள் கொடுத்தவர், 1887இல் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராய் விளங்கிய ஜார்ஜ் ஜோசப்.

உசிலம்பட்டி, தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் வாழ்ந்த பிறமலைக் கள்ளர் சமூகத்தார், பிறப்பொன்றே காரணமாகக் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் கைரேகை பதிக்கவும், இரவில் காவல் நிலையத்தில் தங்கவும் பணிக்கப்பெற்றனர். சமயத்தால் கிறித்தவராகிய ஜோசப், அவர்தம் பொருட்டு நீதிமன்றத்தில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என அன்புடன் அழைத்தனர். தம் மக்கட்கும் அப்பெயரிட்டு மகிழ்ந்தனர்.

1938இல் அவர் மறைந்தார். பலர்தம் போராட்டத்தின் பயனாய், 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று. தாம் காணாத குடமுழுக்குக்குக் கல் சுமந்த பெருந்தகை அவர்.